அம்மாவின் அடுப்படியில் அன்றாடம் ஒரு புகைமூட்டம்

வாசகர் கேள்வி – பதில்: உடல்நலம்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அடுப்புப் புகையைப் பற்றியே இருந்தன. சிங்கப்பூரில் வாழ்ந்துகொண்டு விறகடுப்பைப் பற்றி இத்தனை பேர் எழுதுவதற்குக் காரணம் எளிது: நம்மில் பலருக்கு ஊரில் இன்னமும் ஒரு தாயோ, மாமியாரோ, அக்காளோ அடுப்பு ஊதிக்கொண்டிருக்கிறார். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: புதுக்கோட்டைக்கு அருகே கிராமத்தில் இருக்கும் என் தாயாருக்கு 67 வயது. எங்கள் வீட்டில் புகைபிடிப்பவர் எவரும் இல்லை. இரண்டு ஆண்டுகளாக அவருக்கு ஓயாத இருமல். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சென்ற விடுமுறையில் மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று கூறிய அவர், "விறகடுப்பிலா சமைக்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் எரிவாயு இணைப்பு வாங்கித் தந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் சோறு வடிப்பதும் வெந்நீர் வைப்பதும் விறகில்தான். "என் மாமியார் தொண்ணூறு வயது வரை இதே அடுப்பில்தான் சமைத்தார்" என்கிறார். விறகுப் புகை அவ்வளவு கெடுதலா? அவரை எப்படி மாற்றுவது? (ஈசூன் வாசகி)

பதில்: உங்கள் தாயாரைப் பார்த்த மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறார். இந்த நோய் என்றதும் நமக்குச் சிகரெட்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொட்டிராத கிராமத்துப் பெண்களுக்கு இது வருவதன் முதன்மையான காரணங்களுள் ஒன்று, நாளுக்கு மூன்று நான்கு மணி நேரம் முகத்துக்கு நேரே எழும் அடுப்புப் புகை.

விறகு முழுமையாக எரிந்தால் பெரும்பாலும் கரியமில வாயுவும் நீராவியும்தான் வெளிவரும். வீட்டு அடுப்பில் அது அப்படி எரிவதில்லை. ஈரச் சுள்ளி, காற்றோட்டமில்லாத அடுப்பு வாய், விட்டுவிட்டு எரியும் தீ ஆகியவற்றால் எரியாமல் எஞ்சுவதெல்லாம் புகையாகிறது. அதில் கார்பன் மோனாக்சைடும், பென்சீனும், ஃபார்மால்டிஹைடும், பென்சோபைரீன் போன்ற புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களும் இருக்கின்றன. இவை அனைத்தையும்விட அதிகம் கவனிக்க வேண்டியது பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள். தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கே இருப்பதால், மூக்கும் தொண்டையும் இதைத் தடுத்து நிறுத்த முடிவதில்லை. நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை சென்று தங்கி அங்கே அழற்சியை உண்டாக்குகிறது. அந்த அழற்சியின் விளைவு இரத்தக் குழாய்களையும் இதயத்தையும் எட்டுகிறது.

இதன் அளவை உணர நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2013 ஜூன் 21ஆம் தேதி, சிங்கப்பூரின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்ட அந்த நண்பகலை நினைத்துப் பாருங்கள். கண் எரிந்தது, சன்னல்களை அடைத்தோம், என்95 முகக்கவசத்துக்காகக் கடை கடையாக அலைந்தோம். சுமத்ராவில் காடும் கரிநிலமும் எரிந்து வந்த அந்தப் புகைமூட்டமும் உங்கள் தாயாரின் அடுப்பிலிருந்து வரும் புகையும் பிறப்பால் ஒன்றே. இரண்டும் தாவரம் எரிந்த புகைதான். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த வரையறையின்படி, ஒரு நாளின் சராசரியில் ஒரு கனமீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமுக்கு மேல் நுண்துகள் இருக்கக் கூடாது. காற்றோட்டமில்லாத அடுப்படியில் விறகு எரியும் நேரத்தில் இது பல நூறாகவும், சில வேளைகளில் ஆயிரத்துக்கு மேலும் போகிறது. நமக்குச் சில நாள்களில் கலைந்துபோன புகைமூட்டம் அவருக்கு நாற்பது ஐம்பது ஆண்டுகளாகக் கலையவே இல்லை.

மாமியாரின் தொண்ணூறு வயதைப் பற்றி: நீண்ட நாள் வாழ்ந்தவர்கள் நம் நினைவில் நிற்கிறார்கள், ஐம்பது வயதில் "நெஞ்சடைப்பு" என்றும், இரண்டு வயதில் "சளி முற்றிப்போச்சு" என்றும் போனவர்களின் கணக்கில் அடுப்பை யாரும் எழுதி வைக்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 2020ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுக்குள் எழும் புகையால் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள். அவர்களுள் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் 2,37,000க்கும் மேல். அந்த இறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாரடைப்பு போன்ற இதய நோயாலும், கால் பங்குக்குச் சற்றுக் குறைவானவை பக்கவாதத்தாலும் நேர்ந்தவை. நிமோனியா போன்ற நுரையீரல் தொற்றும் உங்கள் தாயாருக்கு வந்திருக்கும் அடைப்பு நோயும் தலைக்கு ஐந்தில் ஒரு பங்கு அளவில் வருகின்றன. அடுப்பங்கரைப் பெண்களிடையே கண்புரை அதிகமாக இருப்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. என் பாட்டி ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வதைச் சிறு வயதில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதை ஒரு நோயின் தொடக்கமாக அன்று எவரும் எண்ணவில்லை.

இனி, அவரை மாற்றும் வழி. முதலில் அவரைக் குறை சொல்லாதீர்கள். எரிவாயு அடுப்பு வந்த பிறகும் விறகு தொடர்வது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பது அன்று. கேட்டுப் பார்த்தால் அதற்கு நியாயமான காரணங்கள் இருக்கும். சீமைக்கருவேல விறகு வயல் வரப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. சிலிண்டருக்குக் காசு கொடுக்க வேண்டும். மகள் அனுப்பும் பணத்தைக் கரைக்கக் கூடாது என்று அவர் மிச்சம் பிடிக்கிறார். பெரிய குண்டான் எரிவாயு அடுப்பில் சரியாக உட்காருவதில்லை. சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது வரும்வரை என்ன செய்வது என்ற பயமும் உண்டு. இவற்றை ஒவ்வொன்றாகத் தீர்த்தால்தான் விறகு நிற்கும். மாதச் செலவுப் பணத்தோடு சேர்க்காமல், சிலிண்டருக்கான தொகையை இங்கிருந்தே முன்பதிவு செய்து நீங்களே கட்டிவிடுங்கள். ஒரு சிலிண்டர் இணைப்பாக இருந்தால் இரட்டை இணைப்பாக மாற்றுங்கள். சோற்றுக்கு ஒரு மின்சாரக் குக்கர் வாங்கித் தரலாம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் மின்சாரம் இலவசமாக இருப்பதால், "கரண்டு பில் ஏறும்" என்ற அச்சத்தையும் ஓரளவு போக்கலாம். கடைசியாக நிற்பது வெந்நீர் அடுப்பாகத்தான் இருக்கும். அது உடனே நிற்காவிட்டால், கூரையில்லாத வெளியிடத்துக்கு அதை மாற்றி, பேரப் பிள்ளைகளை அருகில் உட்காரவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடைந்த சேதம் முழுவதும் மீளாது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் புகை நின்றால் நோய் முற்றும் வேகம் குறையும் என்று எதிர்பார்க்க இடமுண்டு. மருத்துவர் தந்த உறிஞ்சு மருந்தை மூச்சு முட்டும்போது மட்டும் என்றில்லாமல் அவர் சொன்ன முறைப்படி தவறாமல் எடுக்கச் செய்யுங்கள். சளிக்காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றியும் கேளுங்கள்.

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். விறகடுப்பு கட்டாயம் வேண்டும் என்கிறார் என் அம்மா. நல்ல புகைபோக்கியும் "புகையில்லா அடுப்பும்" வைத்துவிட்டால் போதும் என்கிறார் கொத்தனார். போதுமா? (துவாஸ் விடுதியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: போதாது என்பதே என் கருத்து. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் உலகெங்கும் நல்லெண்ணம் கொண்ட பலர் இந்த இடத்தில்தான் ஏமாந்தார்கள்.

குவாத்தமாலாவின் மலைக் கிராமங்களில், கெர்க் ஸ்மித் என்ற அமெரிக்க அறிஞரின் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. சுமார் 500 வீடுகளில் பாதிக்குப் புகைபோக்கியுள்ள அடுப்பு கட்டித் தரப்பட்டது. மீதி வீடுகளில் பழைய திறந்த தீயே எரிந்தது. 2011இல் வெளியான அதன் முடிவுகளின்படி, புதிய அடுப்பு வந்த வீட்டுக் குழந்தைகள் சுவாசித்த புகை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. கடுமையான நிமோனியா குறைந்தது உண்மை. ஆனால் மருத்துவர் கண்டறிந்த நிமோனியாவை மொத்தமாக எடுத்துக்கொண்டால், உறுதியாகச் சொல்லுமளவுக்கு வேறுபாடு கிடைக்கவில்லை. மலாவியில் விசிறி பொருத்திய நவீன விறகடுப்புகளைக் கொடுத்துப் பார்த்த இன்னொரு பெரிய ஆய்வில் (2017), குழந்தைகளின் நிமோனியா குறையவே இல்லை.

இதற்கான விளக்கம் முக்கியமானது. புகையும் நோயும் ஒரே ஏற்றத்தில் ஏறுவதில்லை. புகை சிறிதளவு இருக்கும்போதே ஆபத்து செங்குத்தாக ஏறிவிடுகிறது. அதன் பிறகு புகை எவ்வளவு கூடினாலும் ஆபத்து மெதுவாகவே கூடுகிறது. ஆகவே மிக மேலே இருந்து பாதி தூரம் இறங்கினாலும் நீங்கள் இன்னும் மேட்டிலேயே நிற்கிறீர்கள். பாதிப் புகை என்றால் பாதி நோய் என்று கணக்குப் போட முடியாது. ஏறக்குறைய முழுவதும் இறங்கினால்தான் பலன் கைக்கு வரும்.

புகைபோக்கியே வீண் என்றும் சொல்லிவிடக் கூடாது. சீனாவின் யுன்னான் மாநிலத்தில் சுவான்வெய் என்ற பகுதியில், வீட்டுக்குள் புகைபோக்கியின்றி நிலக்கரி எரித்துவந்த குடும்பங்கள் புகைபோக்கி அடுப்புக்கு மாறியபின் நுரையீரல் புற்றுநோய் 40 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததை 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. வேறு வழியே இல்லாத வீட்டுக்கு அது பெரிய உதவி. உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. புதிதாகக் கட்டுகிறீர்கள், எல்லாம் இன்னும் உங்கள் கையில்தான் உள்ளது.

எனவே வீட்டுக்குள் விறகடுப்புக்கு இடமே விடாதீர்கள். அடுப்படியில் எரிவாயுவுக்கும் மின்தூண்டல் அடுப்புக்கும் ஏற்ற மேடை, எதிரெதிராக இரண்டு சன்னல்கள், கூரையை ஒட்டிக் காற்றுத் துளைகள், ஒரு வெளியேற்று விசிறி ஆகியவை இருக்கட்டும். நெல் அவிக்கவும் விசேஷ நாளில் பெரிய பாத்திரம் ஏற்றவும் அம்மாவுக்குத் தீ வேண்டுமென்றால், கொல்லையில் வீட்டைவிட்டுத் தள்ளி, நாலு பக்கமும் திறந்த ஒரு கொட்டகை போடுங்கள். புகைபோக்கி வழியே மேலே போகும் புகை மறைந்துவிடுவதில்லை என்பதையும் கொத்தனாரிடம் சொல்லுங்கள். அது காற்று இறங்கும்போது உங்கள் முற்றத்துக்கும் பக்கத்து வீட்டுத் தொட்டிலுக்குமே திரும்பி வருகிறது.

கேள்வி: எரிவாயு அடுப்பு கொடுத்தும் குழந்தைகளின் உடல்நலத்தில் மாற்றம் இல்லை என்று தமிழ்நாட்டிலேயே நடந்த ஆய்வு கூறுவதாக வகுப்பில் படித்தேன். அப்படியென்றால் எரிவாயுவுக்கு மாறச் சொல்வதில் பொருள் உண்டா? (கிளமெண்டி, பல்கலைக்கழக மாணவி)

பதில்: நல்ல கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும்கூட. நீங்கள் குறிப்பிடுவது ஹேப்பின் என்ற ஆய்வு. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகள் அதில் பங்கேற்றார்கள். இந்தியப் பகுதி விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் நடந்தது. பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும், தீரத் தீரச் சிலிண்டரும் பதினெட்டு மாதம் வீடு தேடி இலவசமாக வந்தன. அவர்கள் சுவாசித்த நுண்துகளின் இடைநிலை அளவு கனமீட்டருக்கு 24 மைக்ரோகிராம். விறகில் தொடர்ந்தவர்களுக்கு 71. இவ்வளவு இறங்கியும், குழந்தைகளின் பிறப்பு எடையிலும் முதல் ஆண்டின் நிமோனியாவிலும் உறுதியான வேறுபாடு தென்படவில்லை. இது நிகழ்ந்தது உண்மை; எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான்.

ஆனால் அந்த ஆய்வு எந்தக் கேள்விக்கு விடை தேடியது என்று பாருங்கள். கருத்தரித்துச் சில மாதங்கள் ஆன பிறகு அடுப்பு மாறியது. குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை கவனிக்கப்பட்டது. இருபது முப்பது ஆண்டுகளில் மெல்ல மெல்ல வளரும் நுரையீரல் அடைப்பையும், இதய நோயையும், கண்புரையையும் பதினெட்டு மாதம் அளந்து காட்டிவிட முடியாது. தவிரவும், 24 என்ற அளவே உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறைக்கு மேல் இருக்கிறது. அண்டை வீட்டு அடுப்பும் தெருவோரம் எரியும் குப்பையும் இன்னும் அந்தப் பெண்களின் மூச்சில் கலக்கின்றன. ஒரு வீடு மட்டும் மாறினால் போதாது, ஊரே மாற வேண்டும் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அந்த ஆய்வில் அதிகம் பேசப்படாத இன்னொரு செய்தி என்னைக் கவர்ந்தது. எரிவாயு தடையின்றி இலவசமாக வந்தபோது அந்தப் பெண்கள் ஏறத்தாழ முழுமையாக விறகைக் கைவிட்டார்கள். "கிராமத்துப் பெண்கள் பழக்கத்தை விட மாட்டார்கள்" என்ற பேச்சு அங்கே பொய்யாயிற்று. இதன் அருகே இன்னொன்றை வையுங்கள். ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்புத் தரும் உஜ்வலா திட்டத்தை 2016 மே 1ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் இந்திய அரசு தொடங்கியது. 2019 செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்புகள் கொடுக்கப்பட்டன. எனினும் 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமப்புற வீடுகளில் சமையலுக்குத் தூய எரிபொருளை நம்பியிருந்தவை 43 விழுக்காடு மட்டுமே. இணைப்பு வீட்டுக்கு வந்துவிட்டது. இரண்டாவது சிலிண்டரை வாங்கும் பணம் வரவில்லை. தடை பெண்களின் மனத்தில் இருப்பதைவிடப் பெரும்பாலும் அவர்களின் சுருக்குப் பையில்தான் இருக்கிறது.

கேள்வி: விறகடுப்புச் சமையலின் ருசி எரிவாயுவில் வருவதில்லையே? (பிடோக் வாசகர்)

பதில்: மூடி வைத்துச் சமைக்கும் குழம்புக்குள் புகை அதிகம் போவதில்லை. மண்சட்டியும், தணலில் நெடுநேரம் கொதிப்பதும்தான் அந்த ருசியின் பெரும்பகுதி. அதே சட்டியை எரிவாயுவின் சிறு தீயில் ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

கேள்வி: பிறந்து மூன்று மாதமான என் மகனுக்குத் தலைக்கு ஊற்றியதும் என் மாமியார் சாம்பிராணி போடுகிறார். வெள்ளிக்கிழமைகளில் வீடு முழுவதும் காட்டுகிறோம். எங்களுடையது மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. இதுவும் புகைதானே? (தெம்பனிஸ் வாசகி)

பதில்: ஆம், இதுவும் புகைதான். குழந்தைக்குப் போடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடும் அந்தச் சிறு நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. சாம்பிராணியை இட எரியும் கரி கார்பன் மோனாக்சைடையும் வெளிவிடுகிறது. நிறமும் மணமும் அற்ற அந்த வாயு, இரத்தத்தின் ஈமோகுளோபினை ஆக்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். அடைத்த அறையில் எரியும் கரி உயிரையே பறிக்கக்கூடியது.

சிங்கப்பூரிலேயே இதற்குத் தொடர்பான சான்று இருக்கிறது. 1993 முதல் 1998 வரை 45 வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்ச் சீனர்கள் 60,000க்கும் அதிகமானோரைச் சேர்த்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், வீட்டில் நெடுங்காலம் ஊதுவத்தி ஏற்றியவர்களுக்கு மூச்சுப் பாதையின் சிலவகைப் புற்றுநோய்கள் கூடுதலாகக் காணப்பட்டன. அதே மக்களிடம் செய்து 2014இல் வெளியான இன்னோர் ஆய்வு, இதய நோய் இறப்பு இவர்களிடையே 12 விழுக்காடு அதிகம் என்றது. அவர்கள் நாள்தோறும் ஏற்றியவர்கள். வாரம் ஒருமுறை காட்டும் உங்கள் வீட்டோடு இதைச் சமமாக வைக்க மாட்டேன்.

மாமியாரிடம் பேசும்போது வழிபாட்டைக் குறை சொல்வதுபோல் தொடங்காதீர்கள். தலையில் நீர் கோத்துக்கொள்ளக் கூடாது என்ற அக்கறையால்தான் அவர் சாம்பிராணி போடுகிறார். "அத்தை, மெல்லிய துண்டால் நன்றாகத் துவட்டிவிடுவோம், அதுவே போதும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள்" என்று சொல்லிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை காட்டுவதாக இருந்தால் எல்லாச் சன்னல்களையும் திறந்து, விசிறியைச் சுழலவிட்டு, ஒரு நிமிடத்தில் முடித்து, தணலை அணைத்துவிடலாம். குழந்தையை அந்நேரம் கீழே தளத்துக்கு அழைத்துச் சென்றுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் விறகும் இல்லை, சாம்பிராணியும் இல்லை. தாளிக்கும் புகையைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா? (பொங்கோல் வாசகி)

பதில்: ஓரளவுக்கு. அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவை விறகுப் புகையையும், அதிக வெப்பத்தில் எண்ணெயில் பொரிக்கும்போது எழும் ஆவியையும் "பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை" என்ற ஒரே பிரிவில்தான் வைத்திருக்கிறது. இங்குள்ள சீன, மலாய், இந்திய உணவுக் கடைகளில் நம் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்தபோது, எண்ணெயில் பொரிக்கும் கடையில் நுண்துகள் அதிகமாகவும், நீர் விட்டுக் கொதிக்கவைக்கும் இந்திய உணவுக் கடையில் மூன்றிலும் குறைவாகவும் இருந்தது. குழம்பு வைக்கும் நாளைவிட வடை சுடும் நாளில் சன்னலையும் வெளியேற்று விசிறியையும் கட்டாயம் நினைவில் வையுங்கள். எண்ணெய் புகைய விடாதீர்கள்.

கேள்வி: என் மனைவிக்கு 78 வயது. சிறு வயதில் கம்பத்து (கிராமத்து) வீட்டில் விறகும் கரியும், பிறகு மண்ணெண்ணெய் அடுப்புமாகச் சமைத்தவர். வீவக வீட்டுக்கு மாறிய பின் எரிவாயுதான். இப்போது வரும் மூச்சிரைப்புக்கு அந்தக் காலப் புகை காரணமாக இருக்குமா? (அங் மோ கியோ வாசகர்)

பதில்: இருக்கலாம், ஐயா, ஆனால் அதுவே காரணம் என்று நீங்களாக முடிவு கட்டிவிட வேண்டாம். இந்த வயதில் மூச்சிரைப்புக்கு இதயம், இரத்தசோகை என வேறு காரணங்களும் உண்டு. அவற்றில் சில எளிதில் குணமாகக்கூடியவை. பலதுறை மருந்தகத்துக்கு அம்மையாரை அழைத்துச் சென்று, ஒரு குழாயில் பலமாக ஊதச் செய்து நுரையீரலின் திறனை அளக்கும் சோதனை தேவையா என்று கேளுங்கள். புகைபிடித்ததுண்டா என்று அங்கே கட்டாயம் கேட்பார்கள். "இல்லை" என்பதோடு நின்றுவிடாமல், எந்த வயதிலிருந்து எந்த வயது வரை, நாளுக்கு எத்தனை மணி நேரம், எந்த எரிபொருளில் சமைத்தார் என்பதை அவரிடமே கேட்டு ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். இளம் மருத்துவர்கள் பலர் கம்பத்து அடுப்பைப் பார்த்ததே இல்லை. நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.